அம்மை வழி வந்த பழி

சித்தியின் மூத்த பையன் 1980 ஆவணியில் இறந்தான். அவனுக்கு எட்டு வயது, எனக்குப் பதினான்கு. தேரூர் குளக்கரையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்தது சித்தி வாழ்க்கைப்பட்ட வீடு. படிப்புரையில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அடுக்களைப் பக்கம் போன என் காதில் சித்தியின் மாமியார் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது விழுந்தது: "அந்த வீட்டுப் பொம்பளையளுக்க ரத்தமே சரியில்ல. பெத்தவ ரத்தம்தான பிள்ளைக்கு?"

சித்திக்கும் அது கேட்டிருக்கும். அவள் அப்போது இளையவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். இளையவளுக்கு நான்கு வயது.

பையனுக்கு இரண்டு வயதானபோதே திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நோயின் பெயரைச் சொல்லிவிட்டார்கள். தலசீமியா மேஜர். மாதம் ஒரு தடவை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றுகிற ரத்தத்தில் உள்ள இரும்பு உடலில் சேர்ந்து இருதயத்தையும் ஈரலையும் கெடுக்கும். அதை வெளியேற்றும் ஊசிமருந்து அன்று எங்களைப் போன்ற வீடுகளுக்குக் கனவில்கூட எட்டாதது. ஆறு வருடம் மாதாமாதம் பஸ் ஏறி அவனைக் கொண்டுபோனவள் சித்திதான். ஒரு முறைகூட சித்தப்பாவின் ரத்தத்தை யாரும் சோதிக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

இளையவளுக்கும் அதே நோய்தான். ஆனால் அவள் மாதாமாதம் ரத்தம் ஏற்றாமலே வளர்ந்தாள். வெளிறிய முகம், கொஞ்சம் வீங்கிய மண்ணீரல், சீக்கிரம் வரும் களைப்பு. அவ்வளவுதான். காய்ச்சல் வந்தால் மட்டும் ஒரு குப்பி ரத்தம் தேவைப்படும். பையன் போன பிறகு இதுவே சித்தியின் மீது விழுந்த இரண்டாவது பழியாயிற்று. "பொட்டப் பிள்ளைக்கு ஊட்டி ஊட்டி வளத்தா. ஆம்பளப் பிள்ளைய விட்டுட்டா." ஒரே வயிறு, ஒரே நோய். ஒன்று செத்தது, ஒன்று பிழைத்தது. இடையில் இருந்தவள் தாய். எனவே குற்றவாளி தாய். கணக்கு அவர்களுக்கு எளிதாக முடிந்தது.

நான் பிற்பாடு விலங்கியல் படித்து, நாகர்கோவிலில் பெண்கள் கல்லூரி ஒன்றில் முப்பது ஆண்டுகள் மரபியல் பாடம் எடுத்தேன். சித்தியின் மேல் விழுந்த இரண்டு பழிகளும் எங்கிருந்து வந்தன, அவற்றுக்கு அறிவியல் என்ன பதில் வைத்திருந்தது, அந்தப் பதில் ஏன் எங்கள் முற்றத்துக்கு வந்து சேரவில்லை என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுத முயல்கிறேன்.

*

நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகளில் ஒரு காலத்தில் சொத்து மருமக்கள் வழியில் இறங்கியது. ஒருவருடைய நிலம் அவருடைய மகனுக்குப் போகாது, சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். மனைவி மக்களுக்கு 'உகந்துடைமை' என்று ஒரு சிறு பங்கு மட்டும் உண்டு. இதைப் பெண்ணாட்சி என்று யாராவது எழுதியிருந்தால் நம்ப வேண்டாம். வம்சம் பெண் வழியில் எண்ணப்பட்டது, சாவிக்கொத்து காரணவர் என்ற ஆணின் இடுப்பில் தொங்கியது. கணவன் இறந்தால் பெண் பிள்ளைகளோடு தெருவுக்கு வந்துவிடுவாள். தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'நாஞ்சில்நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' எழுதியது இந்த அவலத்தைப் பார்த்துத்தான். 1917, 1918 ஆண்டுகளில் 'தமிழன்' இதழில் வந்த அந்த அங்கத நூல் ஒரு பெண்ணின் வாயால் சொல்லப்படுவது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெண் வழியில் வம்சத்தை எண்ணிய இதே சாதிகள்தாம், நாடார் பெண்கள் மார்பை மறைத்துச் சேலை அணிந்ததற்காக அவர்களை அடித்துத் துணியைக் கிழித்தன. 1820களில் தொடங்கிய அந்தத் தோள்சீலைப் போராட்டம் 1859இல் திருவிதாங்கூர் அரசின் அறிவிப்பு வரும்வரை நீண்டது. என் ஆச்சியின் ஆச்சி எந்தப் பக்கம் நின்றிருப்பாள் என்று எனக்குத் தெரியும். பெண் வழி என்பது எல்லாப் பெண்களுக்குமான வழியாக இருக்கவில்லை.

1926இல் திருவிதாங்கூரில் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. மருமக்கள் வழி முடிந்து, சொத்து மக்கள் வழிக்குத் திரும்பியது. தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு. நடைமுறையில் அது தகப்பனிடமிருந்து மகனுக்கு என்று ஆனது வேறு கதை.

நிலமும் வீடும் அப்பன் வழிக்குப் போய்விட்டன. ஆனால் நோய் மட்டும் அம்மை வழியிலேயே நின்றது. பிள்ளை கறுப்பா, சித்தம் தெளிவில்லையா, சோகையா, பெண்ணாகவே பிறக்கிறதா, எல்லாம் அவள் ரத்தம். பிள்ளையின் பால் தந்தையின் விந்தணுவால் முடிவாகிறது என்பதை நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண் 1905இலேயே மாவுப்புழு வண்டுகளை வைத்துக் காட்டிவிட்டார். நூறு ஆண்டுக்கு மேலாகியும் மூன்றாவது பெண் பிறந்தால் மருமகளைத்தான் முறைக்கிறோம்.

*

எங்கள் சட்டத்துக்கு ஒரு வருடம் முன்பு, 1925இல், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் தாமஸ் கூலி என்ற குழந்தை மருத்துவர், பேர்ல் லீ என்பவருடன் சேர்ந்து சில குழந்தைகளைப் பற்றி எழுதினார். கடும் சோகை, பெருத்த மண்ணீரல், முகத்தில் எலும்பு மாற்றம். நோய்க்குக் 'கூலியின் சோகை' என்ற பெயர் நின்றது. லீயின் பெயர் உதிர்ந்துவிட்டது. இந்தியாவில் இந்த நோய் 1938இல் கல்கத்தாவில் முதன்முதலாகப் பதிவானது. 1944இல் அமெரிக்காவில் வாலண்டைன், நீல் என்ற இருவர் இதன் வாரிசு முறையைத் தெளிவாக்கினார்கள். தாய், தகப்பன் இருவரிடமும் ஒரு பழுதுபட்ட படி இருந்தால் மட்டுமே குழந்தைக்கு மேஜர் வரும். ஒரு படி மட்டும் உள்ளவர் கேரியர், அவருக்கு நோய் கிடையாது. இரண்டு கேரியர்கள் சேர்ந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு.

அதாவது சித்தியின் மகன் சாவதற்கு 36 வருடம் முன்பே முதல் பழிக்குப் பதில் அச்சேறிவிட்டது. சித்தப்பாவிடமும் அதே படி இருந்தாக வேண்டும். வேறு வழியே கிடையாது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. சித்தி கட்டிக்கொண்டது முறை மாப்பிள்ளையை, தன் தாய்மாமாவின் மகனை. என் ஆச்சியும் சித்தியின் மாமனாரும் கூடப்பிறந்தவர்கள். 'அந்த வீட்டு ரத்தம்' என்று மாமியார் சொன்னாரே, அந்த வீட்டில் பிறந்தவர்தான் அவர் கணவர். ஆச்சியின் தாயோ தகப்பனோ யாரோ ஒருவரிடமிருந்து அந்தப் பழுது அண்ணனுக்கும் வந்தது, தங்கைக்கும் வந்தது. அண்ணன் வழியாக மாப்பிள்ளைக்கு, தங்கை வழியாகப் பெண்ணுக்கு. ஒரே கிணற்றுத் தண்ணீர் இரண்டு வாளியில் வந்தது. ஆனால் ஒரு வாளியை மட்டும் அழுக்கு என்றார்கள். நெருங்கிய உறவில் மணம் செய்வது இன்றும் தமிழ்நாட்டில் சாதாரணம். நிலம் வெளியே போகாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அதன் விலையைச் சுமப்பது யார் என்று எந்தக் கல்யாணப் பேச்சிலும் யாரும் கேட்டதில்லை.

*

இரண்டாவது பழிக்கான பதில் வெகு தாமதமாகத்தான் வந்தது. அதற்கு மரபணு என்றால் என்ன என்ற நம் எண்ணமே மாற வேண்டியிருந்தது.

பள்ளியில் நாம் படிப்பது இது: மரபணு ஒரு குறிப்பு. அதைப் படித்து உடல் ஒரு புரதத்தைச் செய்கிறது. குறிப்பில் எழுத்துப் பிழை இருந்தால் புரதம் கெடும். இது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. உங்கள் தோல் செல்லிலும் ரத்த செல்லிலும் மூளை செல்லிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுப்பு. பிறகு ஏன் தோல் சிந்திப்பதில்லை? எந்த மரபணு எங்கே, எப்போது, எவ்வளவு இயங்க வேண்டும் என்று ஒழுங்குபடுத்தும் பகுதிகள் டி.என்.ஏ.வில் தனியாக இருக்கின்றன.

என் மாணவிகளுக்கு நான் இதைப் பேச்சிப்பாறைத் தண்ணீரை வைத்துச் சொல்வேன். 1906இல் கட்டி முடித்த அந்த அணையிலிருந்து கால்வாய்களில் தண்ணீர் வருகிறது. குளங்களில் நிறைகிறது. ஆனால் எந்த வயலுக்கு எவ்வளவு என்பதை முடிவு செய்வது மடை. விதை நல்ல விதையாக இருக்கும், வயலும் நல்ல வயலாக இருக்கும். மடை சரியாகத் திறக்காவிட்டால் கதிர் பிடிக்காது. மரபணு விதை போல, ஒழுங்குபடுத்தும் பகுதி மடை போல. மனிதருக்கு மனிதர் உள்ள மரபணு வேறுபாடுகளில் மிகப் பெரும்பகுதி விதைக்கு வெளியே இருக்கிறது. அவற்றில் சில மடையில் இருக்கின்றன.

இந்த எண்ணத்தை மனித இனத்தின் அளவில் முதலில் துணிந்து சொன்னவர்களில் ஒரு பெண் இருக்கிறார். 1975இல் மேரி கிளேர் கிங், தன் ஆசிரியர் ஆலன் வில்சனுடன் எழுதிய கட்டுரையில், மனிதரின் புரதங்களும் சிம்பன்சியின் புரதங்களும் ஏறத்தாழ 99 விழுக்காடு ஒன்றுதான் என்று காட்டினார். அப்படியானால் இவ்வளவு பெரிய வித்தியாசம் எங்கிருந்து வந்தது? புரதங்களில் இருந்திருக்காது, அவற்றின் உற்பத்தியை ஒழுங்குபடுத்தும் இடங்களில்தான் இருக்க வேண்டும் என்றார்கள்.

இதே கிங் 1984இல் அர்ஜென்டினா போனார். 1976 முதல் 1983 வரை நடந்த ராணுவ ஆட்சியில் கர்ப்பிணிகளைச் சிறைப்பிடித்து, பிள்ளை பெற்றதும் கொன்று, குழந்தைகளை ஆட்சியாளர்களுக்கு வேண்டியவர்களின் வீடுகளில் வளர்க்கக் கொடுத்திருந்தார்கள். மகளை இழந்த பாட்டிகள் பேரப்பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு இறங்கும் மைட்டோகாண்டிரிய டி.என்.ஏ.வை வைத்து, இந்தக் குழந்தை இந்தப் பாட்டியின் மகள் வயிற்றில் பிறந்தது என்று காட்டும் வழியைக் கிங் வகுத்துக் கொடுத்தார். இதுவரை 130க்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகள் அடையாளம் காணப்பட்டிருக்கிறார்கள். அம்மை வழியைப் பழி போடவும் தேடலாம், நீதிக்காகவும் தேடலாம் என்று இதைப் படித்த நாளில் நினைத்துக்கொண்டேன்.

*

மடை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு மனித உடலில் கிடைத்த தெளிவான ஆரம்ப உதாரணங்களில் ஒன்று டஃபி என்ற ரத்த வகை. 1950இல் அதைக் கண்டறிந்தவர்களில் ஒருவர் மேரி கட்புஷ். 1995இல் பாரிஸில் ஆய்வாளர்கள் அதன் ரகசியத்தை அவிழ்த்தார்கள். ஆப்பிரிக்காவில் பலருக்கு டஃபி புரதம் ரத்தச் சிவப்பணுவில் மட்டும் இல்லை, மற்ற இடங்களில் இருக்கிறது. புரதக் குறிப்பில் பிழை கிடையாது. குறிப்புக்கு முன்னால், சிவப்பணுவில் அதைத் திறக்கும் இடத்தில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. அந்த ஒரு எழுத்தால் விவாக்ஸ் மலேரியாவின் ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் நுழைய வழியின்றித் திண்டாடுகிறது.

இந்த மேரி கட்புஷ், ஹெர்மன் லேமனுடன் சேர்ந்து 1952இல் எழுதிய இன்னொரு கட்டுரைதான் இந்தியாவில் அரிவாள் செல் மரபை முதலில் பதிவு செய்தது. ஆய்வு நடந்தது நம் நீலகிரியில், பழங்குடி மக்களிடையே.

அரிவாள் செல்லுக்கும் தலசீமியாவுக்கும் ஒரு பொது விஷயம் உண்டு. கருவில் இருக்கும்போது குழந்தையின் ரத்தத்தில் ஓடுவது வேறு வகை ஹீமோகுளோபின். அதைக் கருக்கால ஹீமோகுளோபின் என்போம். பிறந்து ஆறேழு மாதத்தில் அந்த மடை மூடுகிறது, பெரியவர்களுக்கான பீட்டா மரபணுவின் மடை திறக்கிறது. பீட்டாவில் பழுது உள்ள குழந்தைக்கு நோய் தெரியத் தொடங்குவது அப்போதுதான். நியூயார்க்கின் புரூக்ளினில் ஜேனட் வாட்சன் என்ற குழந்தை மருத்துவர் 1948இல் இதைக் கவனித்தார். புதிதாகப் பிறந்த சிசுக்களின் ரத்தத்தில் அரிவாள் வடிவ அணுக்கள் மிகக் குறைவாக இருந்தன. கருக்கால ஹீமோகுளோபின் அவர்களைக் காப்பாற்றுகிறது என்று அவர் எழுதினார். பிள்ளைகளின் ரத்தத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்த ஒருவரின் கண்.

சரி, அந்தப் பழைய மடை ஒருவருக்கு முழுதாக மூடாமல் கொஞ்சம் திறந்தே இருந்தால்? பீட்டா கெட்டிருந்தாலும் கருக்கால ஹீமோகுளோபின் கை கொடுக்கும். நோய் இளகும். இந்தியாவில் பரவலாக உள்ள அரிவாள் செல் வகையில், கருக்கால மரபணுவுக்குச் சற்று முன்னால் உள்ள ஒரு எழுத்து மாற்றம் இப்படிப்பட்ட உதவியைச் செய்கிறது. 2007இல் லண்டனில், மலேசியாவில் பிறந்த ஸ்வீ லே தைன் என்ற பெண் மருத்துவரின் குழு, இரண்டாவது குரோமோசோமில் பிசிஎல்11ஏ என்ற மரபணுவுக்குள் இன்னொரு மடையைக் கண்டது. அடுத்த ஆண்டே பிறர் விளக்கினார்கள்: கருக்கால மடையை அடைப்பதே இந்த பிசிஎல்11ஏ தான். அது கொஞ்சம் சோம்பலாக இருக்கப் பெற்றவர்களுக்குக் கருக்கால ஹீமோகுளோபின் வாழ்நாள் முழுதும் சற்று அதிகமாகவே இருக்கும். ஆறாவது குரோமோசோமிலும் இப்படி ஒரு இடம் இருக்கிறது.

2008இல் இதைப் பாடத்துக்காகத் தயார் செய்துகொண்டிருந்தேன். கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து படித்தவள் அப்படியே நிறுத்திவிட்டேன். இந்தியாவில் அதிகம் காணப்படும் பீட்டா தலசீமியாப் பழுதே குறிப்பின் சொற்களில் இல்லை, சொற்களுக்கு இடையே வெட்டி நீக்கப்பட வேண்டிய பகுதியின் ஐந்தாவது எழுத்தில் இருக்கிறது என்று எனக்கு முன்பே தெரியும். குறிப்பு சரி, அதை எடுத்தாளும் முறையில்தான் கோளாறு. இப்போது இன்னொன்று தெரிந்தது. பீட்டா இருப்பது பதினோராவது குரோமோசோம். பிசிஎல்11ஏ இருப்பது இரண்டாவது. இவை பிள்ளைக்குத் தனித்தனியாக இறங்கும். ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகள் ஒரே பீட்டாப் பழுதைப் பெற்றாலும், இரண்டாவது குரோமோசோமிலோ ஆறாவதிலோ வெவ்வேறு மடைகளைப் பெறலாம். பதினாறாவதில் உள்ள ஆல்ஃபா மரபணுக்களின் எண்ணிக்கையும் வேறுபடலாம். ஒரு பிள்ளை மாதாமாதம் ரத்தம் ஏற்றியே பிழைக்கும். இன்னொன்று கஞ்சி குடித்து வளரும்.

ஊட்டியதும் ஊட்டாததும் இதில் எங்கேயும் இல்லை.

*

சில வருடம் கழித்து சித்தியின் மகளை நானே அழைத்துப்போய் ரத்தம் சோதித்தேன். அவள் தையல் கடை வைத்திருக்கிறாள். 'நோய்க் குடும்பம்' என்று சொல்லி வந்த வரன்களெல்லாம் திரும்பிவிட்டதால் கல்யாணம் ஆகவில்லை. கருக்கால ஹீமோகுளோபின் மிக அதிகம் என்று காகிதம் சொன்னது. எந்த மடை காரணம் என்று துல்லியமாகச் சொல்லும் சோதனையை நாங்கள் செய்யவில்லை. மகனுடைய ரத்தம் 1980இலேயே மண்ணுக்குப் போய்விட்டது, ஒப்பிட முடியாது. ஆகவே நிரூபித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பழி சொன்னவர்களிடம் இவ்வளவு ஆதாரம்கூட இருந்ததில்லை.

இந்த அறிவு இன்று யாருடைய உடல்களிலிருந்து திரட்டப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மரபணு வேறுபாடு எந்தத் திசுவில் எந்த மரபணுவைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்று பட்டியலிட அமெரிக்காவில் ஜிடெக்ஸ் என்ற திட்டம் 2010இல் தொடங்கியது. 2020இல் வெளியான அதன் இறுதித் தொகுப்பில் இறந்துபோன 838 பேரின் திசுக்கள் இருந்தன. அவர்களில் பெண்கள் மூன்றில் ஒரு பங்குதான். 85 விழுக்காடு ஐரோப்பிய வம்சாவளியினர். அதே ஆண்டு மெரிட்செல் ஒலிவா, பார்பரா ஸ்ட்ரேஞ்சர் ஆகிய பெண் விஞ்ஞானிகளின் குழு அந்தத் தரவிலேயே ஆண், பெண் வேறுபாட்டைத் தேடியது. 37 விழுக்காடு மரபணுக்கள் ஏதாவது ஒரு திசுவிலாவது ஆணிலும் பெண்ணிலும் வெவ்வேறு அளவில் இயங்கின. ஆனால் அந்த வித்தியாசங்கள் பெரும்பாலும் சிறியவை. பெண் உடலே வேறு என்று சொல்லி நம்மை ஒதுக்குபவர்களுக்கும், ஆணுடலை ஆராய்ந்தால் போதும் என்று நம்மை மறப்பவர்களுக்கும் இந்த ஒரே ஆய்வில் பதில் இருக்கிறது.

மருத்துவமும் முன்னே போயிருக்கிறது. பிசிஎல்11ஏவைச் சிவப்பணுவில் இயக்கும் மடையை வெட்டி, மூடிய கருக்கால மடையைத் திரும்பத் திறக்கும் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதி கொடுத்தது. வெட்டும் கருவியான கிரிஸ்பருக்காக 2020இல் வேதியியல் நோபல் பெற்றவர்கள் இரண்டு பெண்கள், இமானுவேல் ஷார்பென்டியேயும் ஜெனிஃபர் டௌட்னாவும். அமெரிக்காவில் அந்தச் சிகிச்சையின் விலை 22 லட்சம் டாலர். நம் கணக்கில் பதினெட்டுக் கோடி ரூபாய்க்கு மேல். நம் ஊரில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரத்த வங்கி வாசலில் நிற்கும் அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எனவே நமக்கு எட்டும் தூரத்தில் இருப்பது கேரியர் சோதனைதான். இந்தியாவில் நூற்றுக்கு மூன்று, நான்கு பேர் பீட்டா தலசீமியா கேரியர்கள் என்பது பொதுவான கணக்கு. 2016இல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல்படி முதலில் கர்ப்பிணியைச் சோதிக்க வேண்டும். அவள் கேரியர் என்றால் பிறகு கணவனை. கர்ப்பிணிதான் ஆஸ்பத்திரிக்கு வருகிறாள், அவளைச் சோதிப்பது எளிது என்பது நிர்வாகத்தின் நியாயம். ஆனால் வரிசையைக் கவனியுங்கள். முதலில் அவள் ரத்தம். அவளுடைய காகிதத்தில்தான் முதலில் எழுத்து ஏறுகிறது. அதைக் கொண்டுபோய் "நீங்களும் வந்து ரத்தம் கொடுங்க" என்று கணவனிடமும் மாமியாரிடமும் கெஞ்ச வேண்டியவளும் அவளே. அவன் வர மறுத்தால்? நாள்கள் ஓடும். வயிற்றில் பிள்ளை வளரும். அறிவியல் 1944இலேயே இருவர் என்று சொல்லிவிட்டது. நம் நடைமுறை இன்னும் அவளிடமிருந்துதான் தொடங்குகிறது.

*

2019இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தியைப் பார்க்கப் போனேன். அப்போது அவளுக்கு வயது எழுபதை நெருங்கியிருந்தது. மாமியார் போய்ப் பல வருடம். சித்தப்பா 1999இல் இறந்துவிட்டார். படிப்புரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து உருவினேன். பேச்சுவாக்கில் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு பேரிடமும் இருந்தால்தான் பிள்ளைக்கு வரும் என்றேன். பெண் பிள்ளை பிழைத்தது மடை கொஞ்சம் திறந்திருந்ததால், நீ ஊட்டியதால் அல்ல என்றேன்.

சித்தி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்பம் அவியளுக்கும் இருந்திருக்கு?" என்றாள்.

"இருந்தாத்தான் சித்தி வரும்."

"இத அவிய இருக்கச்சில சொல்லியிருக்கலாம் மக்கா."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. 2008இல் படித்தது, சொல்ல எனக்குப் பதினொரு வருடம் ஆகியிருந்தது. சித்தப்பா 1999இலேயே போய்விட்டார் என்பது உண்மைதான். ஆனால் இருவரிடமும் இருக்க வேண்டும் என்பதை நான் கல்லூரியில் சேர்ந்த முதல் வருடமே படித்துவிட்டேனே. அவர் உயிரோடிருக்கும்போது அவர் முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை.

சித்தி கீரைக் காம்புகளை ஒதுக்கிவிட்டுக் கேட்டாள். "ஒனக்கும் இருக்கா?"

"இருக்கு. நான் கேரியர். மகளுக்குக் கல்யாணத்துக்கு முன்னாடி பாத்தேன். அவளுக்கு இல்ல."

"மவனுக்குப் பாத்தியா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். மகனுக்கு அப்போது இருபத்தைந்து வயது, பெண் பார்க்கத் தொடங்கியிருந்தோம். மகளை 2014இல் கல்யாணப் பேச்சு எடுத்த மறுநாளே கூட்டிக்கொண்டு போய்ச் சோதித்தேன். மகனைச் சோதிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் இரண்டு கேரியர்களின் கட்டம் போட்டு, ஆண் பாதி, பெண் பாதி என்று மாணவிகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். நோய் பெண் வழியில் வரும் என்று அந்த அடுக்களையில் கேட்டது எனக்குள்ளேயும் எங்கோ உட்கார்ந்திருந்திருக்கிறது.

"முதல்ல அவனுக்க ரத்தத்த எடு" என்றாள் சித்தி. "பொண்ணு வீட்டுக்காரிய கேக்கதுக்கு முன்ன நீ கொண்டு போய்ச் சொல்லு."

அடுத்த வாரம் சோதித்தோம். அவன் கேரியர். பிறகு பார்த்த ஒவ்வொரு பெண் வீட்டிலும், ஜாதகத்தைக் கொடுப்பதற்கு முன்னால் அந்தக் காகிதத்தை நானே எடுத்து வைத்தேன். இரண்டு வீட்டில் காபியோடு பேச்சு முடிந்தது. மூன்றாவது வீட்டில் பெண்ணே வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, "நானும் டெஸ்ட் எடுத்துட்டுச் சொல்லுறேன் ஆன்ட்டி" என்றாள். அவளுக்கு இல்லை. அவள்தான் இப்போது என் மருமகள்.